பெய்த மழை மட்டும்

இன்றைக்கு மழை வருமா என்று அவரிடம் கேட்டால், “நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வாரும், சொல்லுறன்” என்பார்.

விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அவர் விளையாட்டாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நேற்று எட்டு மணியிலிருந்து இன்று எட்டு மணி வரை என்ன பெய்தது என்பது அவருக்குத் தெரியும். அதை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை சொல்லுவார். வரப்போகிற மழையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. தலைக்கு மேல் வானம் கறுத்து, காற்றில் மண்வாசனை வந்து, நாங்கள் ரப்பர் பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருப்போம். அப்போதும் அவர் குடையை விரிக்காமல்தான் ஆபீசிலிருந்து இறங்குவார். இன்னும் பெய்யவில்லையே!

எங்கள் ரப்பர் தோட்டம் சிங்கப்பூருக்கு வடக்கே, பாலோ ஸ்டேஷனிலிருந்து நாலு கல் உள்ளே. அங்கே அவர் பெரிய கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர். ஆள் ஒல்லி, வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு கடிகாரம். நான் பால் ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிறவன். ஊரில் மூன்றாவது வரை படித்ததாலும், நாலு பாட்டு மனப்பாடம் இருந்ததாலும், வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்து மாரியம்மனுக்கு விளக்கேற்றித் தீபம் காட்டுவதும் என் வேலையாகப் போயிற்று. ஐயர் வைத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை. அம்மனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன்.

அவர் வந்த புதிதில் நான் அவரைப் பெரிய சிவபக்தர் என்று நினைத்துவிட்டேன். என்ன கேட்டாலும் “ஓம்” என்றுதான் ஆரம்பிப்பார். “ஐயா, ஷீட் எண்ணியாச்சு.” “ஓம்.” “ஐயா, நாளைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டு ஆறு மணிக்குங்களா?” “ஓம், ஓம்.” பிரணவத்தைச் சொல்லாமல் ஒரு பேச்சுக்கூடத் தொடங்காத மனிதர் என்று என் மனைவியிடம் சொல்லிக் கண்கலங்கியிருக்கிறேன். அம்மன் கோயில் பூசைக்கு அவரையே தலைமை வைக்கலாம் என்று மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டேன்.

“நான் கோயிலுக்கு வாறதில்லை” என்றார்.

“அப்ப ‘ஓம்’ சொல்றீங்களே ஐயா?”

“ஓம்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “எங்கடை ஊரிலை உங்கடை ‘ஆமா’வுக்கு ‘ஓம்’ எண்டுதான் சொல்லுறது காணும்” என்றார்.

அவர் பங்களா முற்றத்தில் ஒரு செப்புக் குடுவை நிற்கும். மேலே புனல், உள்ளே போத்தல். தினமும் எட்டு மணிக்குப் போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நோட்டில் எழுதுவார். காய்ச்சலில் கிடந்தபோதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து எழுதினார். தோட்டக் கணக்குக்கு மழை அளவு வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சொன்னதுதான் தொடக்கம். பிறகு துரை கேட்காததையும் அளக்க ஆரம்பித்துவிட்டார். காட்டுக்குள் ஒரு உஷ்ணமானி, வெட்டவெளியில் ஒன்று, எங்கள் லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே ஒன்று. குளுவாங் வரை உள்ள தோட்டத்துக் கிராணிமாருக்கெல்லாம் கடிதம் எழுதி அவர்களுடைய மழைக் கணக்கையும் வாங்கினார். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரி சுகம் விசாரிப்பு, இரண்டாம் வரி அங்கே என்ன மழை என்பது. ஒருநாள் மனைவியிடமிருந்து பதில் வந்தது, முகத்தைச் சுளித்தார். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று பயந்து கேட்டேன்.

“எல்லாரும் சுகம். ‘மழை பெய்தது’ எண்டு எழுதியிருக்கிறா. எவ்வளவு எண்டு எழுதேல்லை.”

எதற்கும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: “அளந்தனீரோ?” சோறு கொஞ்சமாக இருக்கிறது, வெயில் அதிகம், இந்த வருஷம் கொசு ஜாஸ்தி, எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். எங்கள் தண்டல், ஆட்களை மேய்க்கும் கங்காணி, பேச்சில் வல்லவர், ஒருநாள் சொன்னார்: “அலமாக்! நல்ல வேளை, அவரு சம்சாரம் கடல் தாண்டி இருக்கு லா. பக்கத்துல இருந்தா ஆசையையும் அளந்து காட்டச் சொல்லுவாரு.”

சிரித்தோம். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு மலை. கீழ்மலை, மேல்மலை. இரண்டிலும் காடு, இரண்டிலும் ஊற்று. மூங்கில் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் லயத்துக்கு வரும். கீழ்மலைக் காட்டை வெட்டி ரப்பர் வைத்தார்கள். கிராணி அங்கே மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஊற்றில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தகரம் நிரம்ப எத்தனை விநாடி என்று எழுதுவார். வருஷத்துக்கு வருஷம் விநாடி கூடிக்கொண்டே போனது. ஒரு வெயில் காலத்தில் தகரம் நிரம்பவே இல்லை. கீழ் லயத்து ஜனங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். வயிற்றுப்போக்கு வந்து ஆறு பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலு பேர்தான் உயிரோடு திரும்பினார்கள். இறந்த இருவரில் ஒருவர் என் மனைவியின் அண்ணன்.

இனி எல்லோருக்கும் மேல்மலை ஊற்று ஒன்றுதான். துரை அந்தக் காட்டையும் வெட்டப்போவதாகப் பேச்சு வந்தது.

கிராணி பதினொரு வருஷத்து நோட்டுகளை மேசையில் அடுக்கிவைத்து ஒரு கட்டுரை எழுதினார். மழை குறையவில்லை, காடு போன மலையில்தான் ஊற்று வற்றுகிறது, காடு நிற்கும் மலையில் வற்றவில்லை என்பதுதான் அதன் சாரம். சிங்கப்பூரில் வானிலைக் கணக்குப் பார்க்கும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு அனுப்பினார். பதில் நல்லபடி வந்தது. வரப்போகும் வெயில் காலத்துக் கணக்கையும் ஒருநாள் விடாமல் அனுப்பினால் அச்சில் போடுவதாக எழுதியிருந்தார். துரையும் பெரிய மனதோடு சொன்னார்: “சிங்கப்பூர்ல அச்சு போட்டா, நான் மலை விட்டுடுறேன், கிராணி.”

அந்த வெயில் காலம் வந்தது. வந்தது என்றால், உட்கார்ந்துவிட்டது. இருபது நாளாக ஒரு சொட்டு இல்லை. கிராணி முகம் மட்டும் தெளிவாக இருந்தது. மேல்மலை ஊற்றில் தகரம் பழைய விநாடியிலேயே நிரம்பியது. கீழ்மலை ஊற்று எலும்பாகக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் நோட்டில் சைபர். அவருக்கு வேண்டியது அதுதான்.

எனக்கு வேண்டியது மழை. வெள்ளி தவறாமல் அம்மனுக்கு நீர் ஊற்றி வேண்டினேன். வரவில்லை. அப்போது என் மனைவி சொன்னாள்:

“இங்க பாருங்க, அந்தக் கிராணி ஐயா வீட்டு வாசல்ல ஒரு செம்புப் பாத்திரம் வெறுமனே வாயத் தொறந்துகிட்டு வானத்தப் பாத்து நிக்குது. வெறும் பாத்திரத்த வாசல்ல வச்சா வீட்டுக்கே ஆகாது. மழைக்குன்னு வச்ச பாத்திரம் காஞ்சு கெடந்தா, மழை எப்படி வரும்?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அதில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. மறுநாள் விடியற்காலையில், கோயில் தீர்த்தத்தைச் சின்னப் பித்தளைச் செம்பில் எடுத்துப் போய், “தாயே, மழை குடு” என்று மூன்று முறை சொல்லி அந்தப் புனலில் ஊற்றிவிட்டு, விழுந்து கும்பிட்டு வந்தேன். மனசு நிறைந்திருந்தது.

எட்டு மணிக்குக் கிராணி அளந்தார். நூற்றில் முப்பத்தொன்று.

அன்று அவர் பட்ட பாட்டை நான் ஸ்டோர் வாசலிலிருந்து பார்த்தேன். புல்லைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தார். கூரையில் ஏறச் சொல்லி ஓர் ஆளை அனுப்பினார். பிறகு லயம் லயமாக வந்து கேட்டார்: “விடியப்புறம் மழை பெய்ததோ?”

கிராணி ஐயா கேட்டால் எங்கள் ஜனங்கள் இல்லை என்று சொல்வார்களா?

“ஆமாங்கய்யா, லேசா தூறுச்சு.”

“எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் பலமாவே பேஞ்சுச்சுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நீங்க எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவு நேரந்தான் ஐயா!”

தண்டல் ஒரு படி மேலே போய் இடி இடித்ததையும் கேட்டதாகச் சொன்னார். கிராணி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் நோட்டில் முப்பத்தொன்று என்று எழுதினார். அளந்துவிட்டாரே.

நான் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாளும் அவர் எட்டு மணிக்கு அளந்துவிட்டு, அந்தப் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார். சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது என்று அவருடைய சமையல்காரன் சொன்னான். விளக்கேற்றும்போது அம்மன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பத்தாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எவ்வளவு ஊத்தினனீர்?”

“ஒரு செம்புங்கய்யா.”

“முழுச் செம்போ?”

“கொஞ்சம் வெளிய சிந்திருச்சு.”

“எவ்வளவு சிந்தினது? அளந்தனீரோ?”

தீர்த்தத்தை யாராவது அளந்து ஊற்றுவார்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே செம்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எங்கள் தோட்டம் மறக்காது. முற்றத்தில் குடுவை. பக்கத்தில் மேசை, நோட்டு, பேனா. செம்பு நிறையத் தண்ணீரோடு நான். “ஊத்தும்” என்றார். ஊற்றினேன். அளந்தார். எழுதினார். போத்தலைத் துடைத்து வைத்தார். “இன்னும் ஒருக்கா.” மூன்றாவது தடவை நிறுத்தினார்.

“அண்டைக்கு ஊத்தேக்கை ஏதும் சொன்னனீரோ?”

“‘தாயே, மழை குடு’ன்னு மூணு தடவை சொன்னேங்கய்யா.”

“இப்ப ஏன் சொல்லேல்லை? சொல்லாமல் ஊத்தினால் கை வேகமாய்ச் சரியும். எல்லாம் பிழைச்சுப் போச்சு. முதல்லையிருந்து தொடங்கும்.”

அப்படியாக, கோயிலுக்கே வராத மனிதர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் உரக்க வேண்டிக்கொண்டு பத்து முறை அபிஷேகம் செய்தேன். லயமே கூடிவிட்டது. நாலாவது தடவையிலிருந்து பெண்களும் சேர்ந்து “தாயே” என்றார்கள். தண்டல் கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, “நம்ம கிராணி ஐயாவுக்குப் பக்தி முத்திருச்சு லா!” என்றார். கிராணி திரும்பிப் பார்த்து, “சத்தம் போடாதேங்கோ, ஊத்துறவரின்ரை கை ஆடுது” என்றார்.

பத்தையும் கூட்டிப் பங்கு போட்டால் முப்பது வந்தது. அன்று அளந்ததோ முப்பத்தொன்று.

“மிச்சம் ஒண்டு” என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. “அது ஆர் ஊத்தினது?”

“அது ஆத்தா போட்டதா இருக்கும்யா” என்றாள் என் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. பனியாக இருக்கலாம், தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார். அத்தனை அபிஷேகத்துக்கும் அன்று மழை வரவில்லை. அடுத்த பத்து நாளும் வரவில்லை.

நடந்ததையெல்லாம் அப்படியே சிங்கப்பூருக்கு எழுதப்போகிறேன் என்றார். நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று கெஞ்சினேன்.

“ஐயா, மலை போயிரும்யா. சைபர்னு எழுதிடுங்க. மழைதான் பெய்யலியே, சைபர்தானே நெசம்?”

“சைபரை ஆர் அளந்தது? அண்டைக்கு நான் சைபர் அளக்கேல்லைக் காணும். முப்பத்தொண்டு அளந்தனான்.”

எழுதி அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். குடுவையில் ஜனங்கள் தண்ணீர் ஊற்றுகிற இடத்தின் கணக்கை ஏற்பதற்கில்லை. ஒரு நாள் ஊற்றியது தெரிந்துவிட்டது. தெரியாமல் ஊற்றிய நாள் எத்தனை? ஆகவே கட்டுரை அச்சாகாது. இவ்வளவு நேர்மையாக எழுதியதற்கு நன்றி.

பதினொரு வருஷம். அவர் கடிதத்தை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

“அவர் கேக்கிறது சரி” என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் எட்டு மணிக்குப் போத்தலை எடுத்து, குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்தார். யாரும் கேட்காத கணக்கை. அவரால் உலகத்தில் என்ன மாறியது என்று கேட்டால், எங்கள் லயத்துப் பெண்கள் ஊற்றுக் குழாயில் குடம் பிடிக்கும்போது ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணப் பழகியிருந்தார்கள். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மேல்மலையை வெட்ட ஜாவாக்கார ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் முழுவதும் என் மனைவி என்னோடு பேசவில்லை. தண்ணீர் ஊற்றியவன் நான். அவளுடைய அண்ணனைப் புதைத்த இடத்தைத் தாண்டித்தான் அவள் ஊற்றுத் தண்ணீருக்குப் போகிறாள். அவள் பேசாததற்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

மறுநாள் கோழி கூவும் முன்னே எழுந்தேன். ஓடையில் ஒரு நீளக் கல்லை எடுத்துக் கழுவினேன். மேல்மலை ஏறும் வழியில், ஊற்றுக்குச் சற்று மேலே, பெரிய மரத்தடியில் நட்டேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, பழைய பாராங் கத்தி ஒன்றைப் பக்கத்தில் குத்தினேன். “தாயே, இது உனக்குத் தெரியாமல் செய்யவில்லை” என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கல்லில் சாமி இருந்ததா என்று கேட்டால், நான் வைக்கும்போது இல்லை. வைத்து முடித்த பிறகு இல்லையென்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இறங்கி வரும்போது கிராணி எதிரே நின்றார். கையில் தகரம், கடிகாரம். கடைசியாக ஒருமுறை ஊற்றை அளக்க வந்திருக்கிறார். என் கைகளைப் பார்த்தார். இரண்டும் மஞ்சள். மேலே மரத்தடியைப் பார்த்தார்.

“ஊத்து இண்டைக்கும் அதே கணக்குத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏழு மணிக்கு மலையேறிய ஜாவாக்காரர்கள் எட்டு மணிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களுடைய மேஸ்திரியான மண்டோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, துரையிடம் “துவான், அங்கே கெராமாட்” என்றார். காவல் தெய்வம் குடியிருக்கிற இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர். அங்கே கோடரி வைத்தால் ஆளுக்கு ஆபத்து என்று நினைப்பவர்கள். துரைக்கு முகம் சிவந்தது. ஆபீஸ் வராந்தாவில் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

“தண்டல்! அந்தக் கல்லு எப்போ வந்தது?”

“ஆதி காலத்துலேர்ந்து இருக்குங்க தொரே! எங்க பாட்டன் கும்பிட்டது!” என்றார் தண்டல், ஒரு கணம்கூட யோசிக்காமல். அவருடைய பாட்டன் கப்பலே ஏறியதில்லை.

“நீ பொய் பேசுறே” என்றார் துரை. பிறகு கிராணி பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே பேசினார். “கிராணி, நீ பொய் சொல்ல மாட்டே. தண்ணி ஊத்தினதுகூட எழுதி உன் புஸ்தகம் கெடுத்துக்கிட்ட ஆளு நீ. நீ சொன்னா நான் நம்புறேன். நீ சொல்லு.”

கல்லை வைத்தது யார் என்று துரை கேட்டால், அவர் சொல்லிவிடுவார். என் பெயரையும் நேரத்தையும் சேர்த்தே சொல்லுவார். எனக்கு வேலை போகும், லயத்துக்குத் தண்ணீர் போகும். மாரியம்மனை அன்றைக்குக் கூப்பிட்டதுபோல் நான் என்றைக்கும் கூப்பிட்டதில்லை.

துரை கேட்டார்: “அங்கே சாமி இருக்கா, இல்லியா?”

கிராணி கோட்டுப் பையிலிருந்த கடிகாரத்தை வெளியே எடுத்தார், பார்க்காமலே உள்ளே வைத்தார்.

“அங்கை சாமி இல்லை எண்டு சொல்ல, துரை, என்னட்டை ஒரு அளவும் இல்லை.”

துரை அவரை உற்றுப் பார்த்தார். “அப்போ இருக்கு” என்றார்.

நூற்றில் ஒன்று தவறினாலும் திருத்துகிறவர் கிராணி. உதடு பிரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மூடிக்கொண்டது.

“போகச் சொல்லு அந்த ஆளுங்களை” என்று துரை கையை உதறிவிட்டு உள்ளே போனார். மேல்மலை தப்பியது.

அன்று சாயங்காலம் கிராணி ஸ்டோருக்கு வந்தார். ஷீட் எண்ண வரவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

“நான் பொய் சொல்லேல்லை” என்றார்.

“இல்லைங்கய்யா.”

“துரை பிழையாய் விளங்கிக்கொண்டார். எனக்குத் தெரியும், பிழை எண்டு. நான் திருத்தேல்லை.” பிறகு, “நீர் கும்பிடுற ஆள். உதுக்கு உங்கடை கோயிலிலை என்ன பேர்? பாவமோ?” என்றார்.

இல்லை, புண்ணியம் என்று சொல்லத்தான் ஆசை. அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வரவில்லை.

“பாவந்தாங்கய்யா” என்றேன். “என்னால வந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்க. ஒரு விளக்குப் போட்டு, தாயேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா கழுவிரும்.”

அவர் வாசல் வழியாக மேல்மலையைப் பார்த்தார்.

“கழுவ வேண்டாம்” என்றார். “மலை நிக்குமட்டும் அதுவும் என்னோடை இருக்கட்டும்.”